கிளிப்போர்டு வரலாற்றில் இரட்டைப் பதிவுகள்: கல்வெட்டுப் பாடங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ள திருவரங்குளத்துச் சிவன் கோயிலில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியில் அவற்றின் பாடங்கள் இடம்பெற்றன. இத்தகைய பாடங்களைக் கணினியில் ஏற்றும்போது மங்கலத் தொடக்கம், மெய்க்கீர்த்தி, அரசரின் பட்டம் என ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து ஒட்ட நேர்கிறது. நகலெடுத்தவற்றைப் பட்டியலாக வைத்திருக்கும் உரைத்தொகுப்பியின் கிளிப்போர்டு வரலாறு அத்தொடராலேயே நிரம்பி, வேண்டிய பழைய துண்டு பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறது. எந்த இரு பதிவுகளை ஒன்றெனக் கொள்வது என்ற விதி எவ்வாறு வளர்ந்தது, தமிழ் உரைக்கு அது போதுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

ஒற்றைத் துண்டிலிருந்து பட்டியலுக்கு

வெட்டி ஒட்டும் முறையை 1970களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்னும் தொகுப்பியில் வடிவமைத்தனர். 1983-இல் வந்த ஆப்பிள் லிசாவின் கிளிப்போர்டில் ஒரு துண்டுக்கே இடமிருந்தது. புதியது வந்தால் பழையது போய்விடும்; இரட்டைப் பதிவு என்ற பேச்சே எழவில்லை. வெட்டியவற்றை வரிசையாகச் சேர்த்துவைத்த ஈமாக்ஸ் தொகுப்பியின் 'கில் ரிங்' போன்ற அமைப்புகளில்தான் சிக்கல் தோன்றியது. அதன் இயல்பான கொள்ளளவு நெடுங்காலம் 60 பதிவுகள். 2023-இல் வெளியான 29-ஆம் பதிப்பில் 120. விண்டோஸ் 10 இயங்குதளம் 2018 அக்டோபர்ப் புதுப்பிப்பில் தந்த கிளிப்போர்டு வரலாறு 25 பதிவுகளைக் கொள்ளும். பட்டியல் சுருங்கச் சுருங்க, ஒவ்வோர் இரட்டைப் பதிவாலும் நேரும் இழப்பு கூடுகிறது.

மூன்று கொள்கைகள்

இரட்டைப் பதிவுகள் உட்பட எல்லாவற்றையும் வைத்திருப்பது முதல் கொள்கை. கடைசிப் பதிவோடு மட்டும் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் புதியதை விட்டுவிடுவது இரண்டாவது. ஈமாக்ஸ் 2010-இல் 23.2 பதிப்பில் இதற்கென ஒரு விருப்பத்தேர்வைச் சேர்த்தது. பயனர் கேட்டால்தான் அது இயங்கும். எழுத்துகள் ஒத்திருந்தும், அவற்றோடு ஒட்டிய நிறம் போன்ற பண்புகள் மாறியிருந்தால் இரண்டும் வேறு என்றே அது கொள்ளும். ஒரே தொடர் இடைவிட்டு வந்தாலும் இந்த விதிக்கு அகப்படாது.

பட்டியல் முழுவதையும் தேடி, பழையதை நீக்கிப் புதியதை மேலே வைப்பது மூன்றாவது. கட்டளைகளை ஏற்று இயக்கும் பாஷ் நிரல், தன் கட்டளை வரலாற்றுக்காக 3.0 பதிப்பில் (2004) தந்த 'ஈரேஸ்டூப்ஸ்' விருப்பத்தேர்வு இவ்வகை. கே.டி.இ. மேசைச்சூழலின் கிளிப்போர்டு நிரலான கிளிப்பரும் ஒவ்வொரு பதிவின் உள்ளடக்கத்திலிருந்தும் ஓர் அடையாளச் சுருக்கத்தைக் கணக்கிட்டு, முன்பே இருப்பதை மேலே ஏற்றுகிறது. இதில் இடம் மிச்சமாகும். நகலெடுத்த வரிசை கலைந்துபோகும். 'மூன்றாவதாக எடுத்தது' என்று நினைவில் வைத்து ஒட்டுபவர் தவறான துண்டை ஒட்டிவிட வாய்ப்புண்டு.

தமிழ் உரை எழுப்பும் கேள்வி

மேற்கண்ட ஒப்பீடுகள் எழுத்துகளின் யூனிகோட் குறியெண்களைப் பார்க்கின்றனவே தவிர, திரையில் தெரியும் வடிவத்தைப் பார்ப்பதில்லை. 'கோனேரின்மைகொண்டான்' என்ற பட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓகார, ஒகரக் குறிகள் ஒவ்வொன்றையும் ஒரே குறியெண்ணாக எழுதினால் சொல்லில் 18 குறியெண்கள். ஒற்றைக்கொம்பும் காலும், இரட்டைக்கொம்பும் காலும் எனப் பிரித்து எழுதினால் 20. யூனிகோட் தரம் இரண்டையும் சமமெனவே கொள்கிறது. சம வடிவங்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தைச் செய்தால் ஒன்றாகிவிடும். அதைச் செய்யாத தொகுப்பியில் ஒரே பட்டம் இரு பதிவுகளாக நிற்கும்.

கல்வெட்டுத் தொடக்கமான 'ஸ்வஸ்தி ஸ்ரீ' இன்னும் சிக்கலானது. யூனிகோட் 4.1-இல் (2005) 'ஶ' சேர்ந்தபின் ஸ்ரீயை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தெரியும். இயல்பாக்கம் இவற்றை இணைக்காது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு 'கௌ' எழுதும் பழக்கமும் இத்தகையதே.

ஒப்பீட்டின் எல்லை

அப்படியானால் தோற்றத்தில் ஒத்தவை அனைத்தையும் இணைத்துவிடலாமா? கூடாது. தமிழ் எண் ௭ எகரம்போலவும், ௮ அகரம்போலவும், ௧ ககரம்போலவும் தெரியும். ஆட்சியாண்டைக் குறிக்கும் எண்ணை எழுத்தென்று கருதி ஒரு பதிவை நீக்கினால் கல்வெட்டின் காலமே பிறழும். பதிப்பாசிரியர் ஒருவர் கல்லில் உள்ளபடி எழுதிய பாடத்தையும் அவரே திருத்திய பாடத்தையும் இணைப்பதும் பிழையே. அங்கே ஓர் எழுத்து மாற்றமும் சான்றாகும்.

முடிவுரை

கடைசிப் பதிவோடு மட்டும் ஒப்பிடும் விதியைவிட, பட்டியல் முழுவதையும் ஒப்பிடும் விதி விரிவானது. தமிழுக்கு இன்னும் ஒரு படி வேண்டும்: ஒப்பிடும்போது மட்டும் யூனிகோட் இயல்பாக்கம் செய்து, சேமித்த உரையை மாற்றாமல் வைப்பது. ஸ்ரீபோல் தரம் சமமெனக் கொள்ளாத இணைகளைத் தானாக நீக்காமல் பயனருக்குச் சுட்டிக்காட்டினால் போதும். எதை நீக்குவது என்பதைப் பாடத்தை அறிந்தவரே முடிவுசெய்யட்டும்.