பத்து டாலர் வெகுமதி

வெள்ளை மாளிகையில் வசிக்காத ஒரே அமெரிக்க அதிபர் யார்? வினாடி வினாக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. விடை: ஜார்ஜ் வாஷிங்டன். அவர் பதவிக்காலத்தில் அந்த மாளிகை கட்டி முடிந்திருக்கவில்லை. 1790 முதல் பிலடெல்பியாவில் ஒரு வாடகை வீட்டில்தான் இருந்தார். அந்த வீட்டில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்று எந்த வினாடி வினாவும் கேட்பதில்லை.

ஓனா ஜட்ஜ் இருந்தார். அதிபரின் மனைவி மார்த்தாவுக்கு உடுத்திவிடுவதும் துணி தைப்பதும் அவர் வேலை. ஓனாவின் தந்தை வெள்ளைத் தையற்காரர். தாய் பெட்டி அடிமை. வர்ஜீனியாச் சட்டப்படி பிள்ளை தாயின் நிலையைத்தான் அடையும். எனவே ஓனாவும் பிறப்பிலேயே அடிமை. எஜமானர்களின் சொத்து பெண்ணின் கருப்பையில் பெருகியது.

பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டம், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை தொடர்ந்து ஆறு மாதம் அங்கே தங்கினால் விடுதலை கோரலாம் என்றது. அதிபர் குடும்பம் இதற்கு ஒரு வழி கண்டது. ஆறு மாதம் நிறையும் முன் அடிமைகளை எல்லைக்கு அப்பால் அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்கும். அவர்களுக்கோ ஊராருக்கோ உண்மைக் காரணம் தெரியக்கூடாது என்று 1791இல் தன் செயலாளருக்குக் கடிதமே எழுதினார் வாஷிங்டன். தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வகைசெய்யும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே.

மார்த்தா தன் பேத்திக்கு ஓனாவைக் கொடுத்துவிட எண்ணியிருந்தார். அது ஓனாவுக்குத் தெரியவந்தது. கறுப்பின நண்பர்களிடம் துணிமணிகளை முன்பே சேர்த்துவைத்தார். 1796 மே 21 அன்று, குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியேறினார். அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருக்கும். சில நாட்களில் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது: பிடித்துத் தருபவருக்குப் பத்து டாலர். அவள் ஓடிப்போக எந்த முகாந்திரமும் இல்லை என்றும் அதில் இருந்தது.

கப்பலேறி நியூ ஹாம்ஷயரின் போர்ட்ஸ்மத் சென்றிருந்தார் ஓனா. நிதித்துறைச் செயலாளர் வழியாக அங்குள்ள சுங்க அதிகாரியைத் தேடவைத்தார் வாஷிங்டன். அவளை வேலைக்காரியாக அல்ல, பிள்ளையைப் போல வளர்த்தோம் என்று கடிதத்தில் மனத்தாங்கல் வேறு. வீட்டுவேலை செய்யும் பெண்கள் எந்த நாட்டிலும் கேட்டிருக்கக்கூடிய வாக்கியம். அடிமையாகத் திரும்புவதைவிடச் சாவதே மேல் என்றார் ஓனா. 1799இல் மார்த்தாவின் உறவினர் ஒருவர் பிடிக்க வந்தபோது அவர் ஒரு மாலுமியின் மனைவி, கைக்குழந்தைக்குத் தாய். முன்கூட்டியே தகவல் கிடைக்க, ஊரைவிட்டு விலகித் தப்பினார்.

அதே ஆண்டு இறந்த வாஷிங்டனின் உயில், அவருக்குச் சொந்தமான அடிமைகளின் விடுதலைக்கு வழிசெய்தது. ஓனாவோ மார்த்தாவின் முதல் கணவரது சொத்தில் சேர்ந்தவர். உயில் அவரைத் தொடவில்லை. கணவரையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்து, வறுமையில் வாழ்ந்தார். முதுமையில் தேடிவந்தவர்களிடம் தன் கதையைத் தானே சொன்னார். அதிபர் வீட்டைவிட்டு வந்து இவ்வளவு பாடுபட்டதில் வருத்தமில்லையா என்று கேட்டதற்கு, இல்லை, நான் விடுதலை பெற்றவள் என்றார்.

1848இல் இறக்கும்வரை சட்டப்படி அவர் இன்னொருவரின் சொத்து. அந்த விளம்பரம் இல்லையென்று சொன்ன முகாந்திரத்தைத் தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் போனார்.