ஒரே வட்டில் ஒண்டுக் குடித்தனம்

ஒரே கணிப்பொறியில் விண்டோஸும் லினக்ஸும் ஒண்டுக் குடித்தனம் செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு பட்டியல் தோன்றும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இத்தகைய கணிப்பொறியில் ஒரு லினக்ஸை நீக்கி வேறொரு லினக்ஸை அமர்த்த விரும்பும் மாணவருக்கு அச்சம் ஏற்படுவது இயல்பு. சேர்த்து வைத்த கோப்புகள் அழிந்துவிடுமோ? விண்டோஸ் திறக்காமற் போகுமோ? இவ்வினாக்களுக்கு விடை, இந்த ஏற்பாடு வளர்ந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

1983இல் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்வட்டுடன் பி.சி. எக்ஸ்.டி. என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதனுடன் வந்த டாஸ் 2.0, வட்டைப் பல பிரிவுகளாகப் பிரிக்க வழி செய்தது. வட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளே இதற்குத் திறவுகோல். அவற்றில் 446 பைட்டுகள் கணிப்பொறியைத் தொடங்கி வைக்கும் சிறு நிரலுக்கு உரியவை. 64 பைட்டுகளில் பிரிவுகளின் அட்டவணை அமைந்தது. ஒரு பிரிவுக்கு 16 பைட்டுகள் வீதம் நான்கு பிரிவுகள். எஞ்சிய 2 பைட்டுகள் அடையாளக் குறி. ஒவ்வொரு பிரிவும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை அட்டவணை கூறும். அது சிதைந்தால், கோப்புகள் வட்டில் இருந்தும் கணிப்பொறியின் கண்ணுக்குத் தென்படா!

இந்த ஏற்பாட்டின் பயனை முதலில் துய்த்த லினக்ஸ்காரர் யார் தெரியுமா? லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸேதான். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த அவர், தம் கணிப்பொறியில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை வைத்துக்கொண்டே தம் படைப்பையும் உருவாக்கி வந்தார். ஒருநாள் தொலைபேசி மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வட்டுக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பிரிவு பாழாயிற்று. அதை மீண்டும் நிறுவாமல், லினக்ஸையே முழுமையாகப் பயன்படுத்துவதென்று அவர் முடிவு செய்தார்.

லினக்ஸ் என்பது உண்மையில் இயங்குதளத்தின் கரு மட்டுமே. அதனுடன் பிற நிரல்களையும் நிறுவும் கருவியையும் சேர்த்துத் தருவதே 'வழங்கல்' எனப்படும். ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய இரண்டும் 1993இல் தோன்றின. வழங்கல்கள் பலவாயினும் கரு ஒன்றே. கோப்புகளை வட்டில் எழுதும் முறைகளும் பெரும்பாலும் பொதுவானவை. ஆகவே ஒன்று எழுதிய கோப்பை மற்றொன்று படிக்கிறது.

எதைத் தொடங்குவது என்று கேட்கும் நிரலும் படிப்படியாக வளர்ந்தது. 1992இல் வெர்னர் ஆல்மஸ்பெர்கர் எழுதிய லிலோ, கரு வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டது. கருவை மாற்றிவிட்டு லிலோவை மீண்டும் இயக்க மறந்தால் கணிப்பொறி தொடங்காமல் நின்றுவிடும். 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப், கோப்பின் பெயரைக் கொண்டே கருவைத் தேடிக் கண்டுபிடித்தது.

ஆயினும் 446 பைட்டு வாசல் ஒன்றுதானே! விண்டோஸை மறுபடி நிறுவினால் அது தன் நிரலை அங்கே எழுதிவிடும். லினக்ஸ் இருந்தும் இல்லாததாகிவிடும். பின்னர் வந்த யூ.இ.எஃப்.ஐ. முறை இக்குறையைப் பெரிதும் நீக்கியது. இதில் தொடக்க நிரல்களுக்கென்றே ஒரு சிறு பிரிவு உண்டு. ஒவ்வோர் இயங்குதளமும் அதில் தனக்கென ஓர் உறையை வைத்துக்கொள்கிறது.

இனி வழங்கலை மாற்றும் முறைக்கு வருவோம். முதலில், முக்கியமான கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் படியெடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பிரிவு பூட்டாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறவெண்ணையும் எழுதி வையுங்கள். நிறுவும்போது 'முழு வட்டையும் அழி' என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிரிவுகளை நாமே குறிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பழைய லினக்ஸின் மூலப் பிரிவை மட்டும் அழித்து எழுதச் செய்யுங்கள். தொடக்க நிரல்கள் உள்ள சிறு பிரிவைப் பயன்படுத்தலாம், ஆனால் அழிக்கலாகாது. அதில்தான் விண்டோஸின் உறையும் இருக்கிறது. உங்கள் கோப்புகளுக்குரிய 'ஹோம்' தனிப் பிரிவாக இருந்தால் அதை அழிக்காமல் புதிய வழங்கலுடன் இணைத்துவிடலாம். அது மூலப் பிரிவுக்குள்ளேயே இருந்தாலோ, அதனுடன் சேர்ந்தே அழியும். அப்போது கைகொடுப்பது நீங்கள் எடுத்து வைத்த படி ஒன்றே.

வட்டைப் பிரிக்கும் அட்டவணை இன்று புது வடிவம் பெற்றுவிட்டது. ஆனால் 1983இல் வகுத்த நெறி மாறவில்லை: எல்லையை அறிந்து கை வைப்பவருக்கு இழப்பு இல்லை. நிறுவும் திரையில் கடைசிப் பொத்தானை அழுத்துமுன், எந்தப் பிரிவு எவருடையது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.