பல வாய்கள், ஒரு சாட்சி

ஏரலிலிருந்து கிழக்கே, வாழைத் தோட்டங்களையும் நெல்வயல்களையும் கடந்து சிறிது தொலைவு சென்றால் கொற்கையை அடையலாம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இதுதானா என்று ஐயுறும் அளவுக்கு இன்று அஃது அமைதியான சிற்றூர். கடலோ சில கிலோமீட்டர் அப்பால் விலகி நிற்கிறது. தாமிரபரணி காலங்காலமாகக் கொணர்ந்து சேர்த்த வண்டலே கடலைப் பின்தள்ளியது என்பதைப் பேராயர் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் விளக்கியுள்ளார்.

கடல் பின்வாங்கிய இந்த மண்ணில் நின்றுகொண்டுதான், கடல் நம்மிடமிருந்து ஒரு கண்டத்தையே பறித்துக்கொண்டது என்று நாம் பேசி வருகிறோம். குமரிக்கண்டத்தைப் பற்றி மேடையில் முழங்காத தமிழ் மாணவர் அரியர். இதை எழுதுபவனும் முழங்கியவனே. சான்று எங்கே என்று எவரேனும் கேட்டால், "இத்தனை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்களே, அது பொய்யாகுமா?" என்பதே நம் விடையாக இருந்தது.

அந்த விடையைச் சற்றே ஆராய்வோம். பஃறுளி ஆற்றையும் குமரி மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் உரை எழுதிய அடியார்க்கு நல்லார், மறைந்த நிலத்தை எழுநூற்றுக் காவதம் என்றும் நாற்பத்தொன்பது நாடுகள் என்றும் விரித்துரைத்தார். 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த இன விலங்குகள் காணப்படுவதற்குக் காரணம் தேடி, இடையில் ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கலாம் எனக் கருதி அதற்கு 'லெமூரியா' என்று பெயரிட்டார். பிரம்மஞான சபையின் பிளவாட்ஸ்கி அம்மையார் 1888-இல் அந்நிலத்தில் மாந்தரையும் குடியேற்றினார். பின்வந்த தமிழறிஞர் சிலர் உரையாசிரியரின் நிலத்தையும் விலங்கியலாரின் நிலத்தையும் ஒன்றெனக் கொண்டனர். அதன்பின் எழுதியோர் பலரும் முன்னோர் எழுதியதையே சான்றாகக் காட்டினர். நூல்கள் பெருகின, சான்று பெருகவில்லை.

ஸ்கிளேட்டரின் கருதுகோளுக்குத் தேவையும் பின்னர் அற்றுப்போயிற்று. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் வேகனர் கூறினார். 1960-களில் நிலவியலார் அதனை ஏற்றனர். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே. அந்த நிலத்தில் தமிழ் பேச யார் இருந்திருப்பர்?

பழம்பாடலின் நினைவு முழுவதும் பொய் என்று சொல்லவும் இயலாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. இலங்கையும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன. பின்னர் கடல் உயர்ந்து கரையோர நிலங்களை விழுங்கியது உண்மை. ஆனால் கரை வேறு, கண்டம் வேறு.

இக்குறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. மன்னர் கான்ஸ்டன்டைன் மேலைநாடுகளின் ஆட்சியைத் திருத்தந்தைக்கு வழங்கியதாகக் கூறும் ஓர் ஆவணம் 8-ஆம் நூற்றாண்டளவில் புனையப்பட்டது. பல தலைமுறைகள் அதை மெய்யெனவே மேற்கோள் காட்டின. 1440-இல் லொரென்சோ வல்லா அதன் இலத்தீன் நடையை ஆராய்ந்து, அது கான்ஸ்டன்டைன் காலத்து மொழியன்று என நிறுவினார். பன்னூறு முறை காட்டப்பட்ட ஆவணத்தை ஒரு முறை கருத்தோடு படித்தது வென்றது.

சூசன்னாவின் வழக்கை நாம் அறிவோம். இரண்டு முதியோர் ஒரே குற்றச்சாட்டைக் கூறினர். மக்கள் கூட்டம் நம்பிவிட்டது. தானியேலோ அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என வினவினார். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள், பொய் வெளிப்பட்டது. சாட்சிகளை எண்ணுவது போதாது, ஒருவர் சொல் மற்றவர் சொல்லைச் சாராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே அவர் காட்டிய நெறி.

இந்த நெறிக்குக் கொற்கை அஞ்ச வேண்டியதில்லை. அதன் முத்தைச் சங்கப் பாடல்கள் போற்றுகின்றன. தமிழறியாத கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளுஸ்' நூலும் அங்கு நிகழ்ந்த முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. 1968-69-இல் நடந்த அகழாய்வில் உறைகிணறுகளும் சங்குத் துண்டுகளும் வெளிப்பட்டன. பாடலும் பயணியும் மண்ணும் ஒன்றையொன்று கேட்டுச் சொன்னவை அல்ல. ஏரலுக்கு அருகிலுள்ள சிவகளையிலும் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் ஆய்வகத்தில் கணிக்கப்பட்டு, ஏறத்தாழ 3,200 ஆண்டுகள் என 2021-இல் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மெய்ப்பிக்கப்படாத ஒன்றையும் அதனருகில் வைத்தால், பார்ப்பவர் இரண்டையும் ஒருசேர ஐயுறுவர். நம் பெருமையை நாமே மலிவாக்குகிறோம். அடுத்த முறை ஒரு மாணவன் மேடையேறும்போது, கடலடியில் தேடாமல் கொற்கை மண்ணிலிருந்து அவன் பேச்சைத் தொடங்கட்டும். அங்கே அவன் சொல்லுக்குச் சாட்சி உண்டு.