பாறையிலிருந்து எலும்புக்கு

மாவடிப்பள்ளி வட்டையில் பெரும்போகத்துக்கு அடிக்கட்டுப் பசளையாக இடும் சாம்பல் நிறக் குறுணலில் இருப்பது பொசுபரசு, ஆவர்த்தன அட்டவணையின் 15ஆம் மூலகம். 1669இல் ஹம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட், தங்கம் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி, இருட்டில் ஒளிரும் பொருளாக இதைப் பிரித்தெடுத்தார். ஓர் உயிரின் கழிவிலிருந்து கிடைத்த மூலகம் இது.

இதன் பிறந்த வீடு அப்பற்றைற்று எனும் கனியம். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இல் பெரும் படிவொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை அரசு வெளிநாட்டுக் கம்பனியோடு சேர்ந்து அகழும் திட்டத்தை எதிர்த்து ஊரவர்கள் உயர் நீதிமன்றம் சென்று 2000இல் வென்றார்கள். ஆனால் எப்பாவலைக் கல் தண்ணீரில் இலகுவில் கரையாது. தேயிலைக்கும் தென்னைக்கும் அது போதும். மூன்று, மூன்றரை மாதத்தில் விளைந்துவிடும் நெல்லுக்கு உதவாது. அதனால் பாறையை அமிலத்தில் கரைத்துச் செய்த ரீ.எஸ்.பி. பசளை கப்பலில் வருகிறது.

பசளை மண்ணில் விழுந்ததும் அங்குள்ள இரும்பு பொசுபரசைப் பிடித்துக்கொள்ளும். கல்லோயா ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து வயலில் கட்டி நின்றால் சேற்றில் ஒட்சிசன் தீரும், இரும்பின் நிலை மாறும், பிடி தளரும். விடுபட்டதை வேர் உறிஞ்சும். வயலில் தண்ணீர் கட்டுவது களையை அடக்க மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தச் சேற்றுக்குள் நடப்பதை அறிய வேண்டும். பொசுபரசு கிடைக்காத வேளாண்மை கரும்பச்சையாய், குட்டையாய் நிற்கும், மட்டம் வெடிக்காது.

கதிர் முற்றும்போது பெரும்பங்கு மணிக்கு ஏறித் தவிட்டில் தங்குகிறது. ஆலையில் தவிடு பிரிந்து கோழிக்கும் மாட்டுக்கும் போகும். தவிட்டில் பொசுபரசு இருக்கும் வடிவத்தைக் கோழியால் சரியாகச் செரிக்க முடியாது. பெரும்பாலும் எச்சத்தோடு வெளியேறும். சோற்றோடும் மீனோடும் நமக்கு வந்து சேர்வது, வளர்ந்த ஓர் உடம்பில் சுமார் 700 கிராம். அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும், அதே அப்பற்றைற்றுக் குடும்பத்துக் கனியமாக இருக்கிறது. மீதி டி.என்.ஏ. இழையைக் கோத்து நிற்கிறது, ஏ.ரீ.பி.யாகச் சக்தியைச் சுமக்கிறது.

நைதரசன் காற்றில் ஏறித் திரும்பி வரும். பொசுபரசுக்கு அந்த வழி இல்லை. மாரி வெள்ளம் வரம்பை உடைத்துச் சேற்றை வாரினால் போய்ச்சேரும் இடம் கடல். அங்கிருந்து கொஞ்சம் கரைவலையில் ஏறும் நெத்தலியோடு, முள்ளும் தசையுமாக, கரை சேர்கிறது. ஒரு தொன் நெல்லோடு வயலைவிட்டுப் போவது சுமார் 2 கிலோ பொசுபரசு. கோழி எருவும் மாட்டுச் சாணமும் வட்டைக்குத் திரும்பாவிட்டால், அந்த 2 கிலோவையும் அடுத்த போகத்துக்கு வெளிநாட்டுப் பாறையிலிருந்துதான் வாங்க வேண்டும். உலகக் கையிருப்பில் பெரும்பங்கு இருப்பது மொரோக்கோ பக்கம்.