குருக்கள் இல்லாத காலமும் குன்றாத விசுவாசமும்



ஜூபிலி என்றால் நன்றி கூறும் காலம். நாம் கட்டிய கோயிலுக்காக மட்டுமல்ல, நமக்கு முன்னே இம்மண்ணில் விசுவாச விளக்கு அணைந்துபோகாமல் காத்தவர்களுக்காகவும் நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த விளக்கு ஒருமுறை அணையும் நிலைக்கு வந்த வரலாற்றைப் பங்கு மக்கள் அறிந்திருப்பது நல்லது.

1606இல் தத்துவ போதகராகிய நொபிலி அடிகளார் மதுரை மிஷனைத் தொடங்கினார். 1693இல் அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். கோவில்பட்டி வட்டாரத்துக் காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் பணிபுரிந்தார். இவ்வாறு தழைத்த பயிருக்கு 1773இல் பேரிடி விழுந்தது. ஐரோப்பிய அரசர்களின் நெருக்குதலால் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். இருந்த குருக்கள் முதிர்ந்து ஒவ்வொருவராய் மறைந்தனர். கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சிலரால் எல்லா ஊர்களையும் கவனிக்க இயலவில்லை. திருப்பலியே காணாமல் பல ஊர்கள் காத்துக்கிடந்தன.

அப்போது சந்தேகம் மக்களுக்கு மட்டும் வரவில்லை, குருக்களுக்கும் வந்தது. பிரெஞ்சுக் குருவான அபே துபுவா 1792இல் இந்தியா வந்து, நம் உணவையும் உடையையும் ஏற்று, மைசூர்ப் பகுதியில் அம்மைத் தடுப்பு ஊசிப் பணியையும் பரப்பியவர். முப்பதாண்டு உழைத்த அவரே 1823இல் வெளிவந்த தம் கடிதங்களில், இந்நாட்டில் கிறிஸ்தவம் பரவும் காலம் கடந்துவிட்டது என்று எழுதினார். பாளையங்கோட்டையில் பணிபுரிந்த ஆங்கிலத் திருச்சபைக் குரு ஜேம்ஸ் ஹஃப் 1824இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். ஆனால் உண்மையான மறுப்பு நூலில் இல்லை, ஊர்களில் இருந்தது.

வீரமாமுனிவர் வேதியர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை எழுதி வைத்திருந்தார். குரு இல்லாத ஊர்களில் அந்த வேதியர்களே செபம் சொல்லிக்கொடுத்தார்கள். சாகுந்தறுவாயில் இருந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இறந்தோரை அடக்கம் செய்தார்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

1814இல் திருத்தந்தை 7ஆம் பத்திநாதர் இயேசு சபைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். 1837இல் பெர்த்ராந்து அடிகளாரும் தோழர் மூவரும் புதுச்சேரியில் வந்து இறங்கினர். அவர்களுக்கு மாலை மட்டும் காத்திருக்கவில்லை. கோவாக் குருக்களோடு அதிகாரத் தகராறு மூண்டது. எவர் உண்மை மேய்ப்பர் என்று மக்கள் குழம்பினர். முதல் பத்தாண்டுக்குள் இளங்குருக்கள் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர். ஆயினும் இறந்தவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். 1844இல் நாகப்பட்டினத்தில் கல்லூரி பிறந்தது. அதுவே பின்னர் திருச்சி தூய வளனார் கல்லூரியாயிற்று. 1938இல் மதுரை தனி மறைமாவட்டமாயிற்று.

துபுவா அடிகளாரை நாம் பழிக்க வேண்டியதில்லை. அவர் குருத்துவத்தை விட்டு ஓடவில்லை. பாரீசில் மறைபோதகர்களை உருவாக்கும் குருமடத்திலேயே பணியைத் தொடர்ந்து, 1848இல் காலமானார். கேள்வி இருந்தது, பணியும் இருந்தது.

இன்று நம் பகுதியிலும் கேள்விகள் உண்டு. பட்டாசு வெடித்து உயிர்கள் போகும்போது, 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நடந்ததுபோல் ஊரே கதறும்போது, 'சாமி எங்கே போனார்?' என்று தாய் கேட்பாள். படித்த பிள்ளை, 'இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பான். அவர்களை அதட்டி வாயடைப்பது விசுவாசமாகாது. காயத்தைக் கண்டால்தான் நம்புவேன் என்ற தோமாவைச் சீடர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து அவர்களோடு இருந்தபோதுதான் அவர் ஆண்டவரைக் கண்டார்.

ஆகவே, துக்க வீட்டில் போய் உட்காருங்கள். கேள்வி கேட்கும் மகனுக்குச் சாப்பாட்டுப் பந்தியிலும் குடும்ப செபத்திலும் இடம் வையுங்கள். பதில் தெரியாத இடத்திலும் செபமாலையைக் கைவிடாதீர்கள். அன்றைய வேதியர்கள் இவ்வளவுதான் செய்தார்கள், விசுவாசம் பிழைத்தது.

பெயர் தெரியாத அந்த முன்னோருக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருள்வாராக! நம் பங்கையும் அவர் ஆசீர்வதிப்பாராக!