ஆங்கில இலக்கியமும் ஆசிரியக் கல்வியும்

களுபோவிலையிலிருந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தாண்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற நமது இளைஞர்கள் 'கொலிஜ் ஹவுஸ்' என்னும் பழைய மாளிகையைக் கண்டிருப்பார்கள். அவ்வீதிக்கு இன்று குமாரதுங்க முனிதாசரின் பெயர்; முன்னாளிலே தேர்ஸ்டன் வீதி. 1921 ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி அங்கேதான் ஆரம்பமாயிற்று. சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இருக்கவில்லை. மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்கே தோற்றினார்கள்.

ஆங்கில இலக்கியம் அங்கே பெருமதிப்புப் பெற்ற பாடம். அதைக் கற்றவர்களிற் சிலர் சிவில் சேவையை நாடினர். பலர் கல்லூரிகளிலே ஆசிரியராயினர். ஆனால், கற்பிப்பது எப்படி என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அதற்கு ஆசிரிய கலாசாலை வேறாக இருந்தது. பட்டதாரிக்கு இலக்கியம், பயிற்றப்பட்டவருக்குப் போதனாமுறை என்று வழக்கமாகிவிட்டது.

இக்குறையை யான் ஏட்டிலே படித்து அறிந்தவனல்லன். பட்டம் பெற்ற கையோடு ஒரு கல்லூரியிலே மேல்வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போனேன். கீற்ஸ் என்னும் கவிஞர் இலையுதிர் காலத்தைப் பாடிய பாட்டு. நாற்பது நிமிடம் உவமையும் சந்தமும் விரித்துரைத்து முடித்தபோது, பின்வாங்கிலிருந்த பையன் எழுந்து, "சேர், இலையுதிர் காலம் எங்களுக்கு எந்த மாதம் வரும்?" என்று கேட்டான். அவன் குறும்பாகக் கேட்கவில்லை. என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவன் என்ன அறிவான், என்ன அறியான் என்று ஒரு நிமிடமாவது யோசித்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்தேனில்லை.

மேல்நாட்டிலே கல்வியியல் பல்கலைக்கழகப் பாடமானது எப்படி என்று தேடினால், கதை நம்மவர் திண்ணைக்கே வந்து சேருகிறது. அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1787 இல் சென்னைக்கு வந்து, எழும்பூரிலே இராணுவ அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்தினார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கேயே வளர்த்தார். அது 'சென்னை முறை' என்று இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பணத்தின் உதவியால் 1876 இல் எடின்பரோவிலும் சென் அன்ட்ரூசிலும் கல்விப் பேராசிரியர் பதவிகள் தோன்றின. சென் அன்ட்ரூசில் அப்பதவியை முதலில் ஏற்ற மெய்க்கிள்ஜோன், ஆங்கில மொழியின் இலக்கணமும் இலக்கிய வரலாறும் பற்றிப் பாடநூல் எழுதிப் புகழ்பெற்றவர்! இரண்டு துறைகளும் ஒருவரிடத்திலே கூடியிருந்தன.

நமது அயலிலே, கல்கத்தாப் பல்கலைக்கழகம் பற்றி ஆராய்ந்த சட்லர் குழு, பி.ஏ. வகுப்பிலேயே கல்வியியலை ஒரு பாடமாக வைக்கலாமென 1919 இல் சொல்லிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தொடங்கிய நமது கல்லூரி இலண்டன் பாடத்திட்டத்தையே பார்த்திருந்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. கல்வித் துறை அங்கே 1949 இலேதான் அமைந்தது. அதுவும் பட்டம் பெற்றபின் டிப்ளோமாவாகப் படிக்கும் ஏற்பாடே. முதலில் இலக்கியம், பிறகு போதனை என்ற வரிசை மாறவில்லை.

அந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டியவர் நமது சுவாமி விபுலாநந்தர். காரைதீவு மயில்வாகனனாக அவர் 1911 இல் கொழும்புக்கு வந்து முதலிற் கற்றது ஆசிரியப் பயிற்சி. இலண்டன் பட்டம் பின்னால் வந்தது, அதுவும் விஞ்ஞானத்திலே. ஆங்கில இலக்கியத்தை அவர் தாமே கற்றார். செகசிற்பியார் என்று தமிழ்ப்பெயரிட்டு அந்நாடகாசிரியரை நமக்கு அறிமுகஞ் செய்த 'மதங்க சூளாமணி' 1926 இல் வெளிவந்தது. மேல்நாட்டு நாடகங்களை வடமொழி நாடக இலக்கணத்தோடு வைத்து, தமிழ் மாணவனுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கைபிடித்து அழைத்துச் செல்லும் நூல் அது. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் கொழும்பிலே வந்தமர்ந்தபோது, அதே நகரில் ஆசிரியப் பயிற்சிக்கென வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.