ஜிரார்டின் உயிலும் பத்தடி மதிலும்

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா மாநகரில் ஒரு பள்ளியைச் சுற்றி உயர்ந்த கல்மதில் ஒன்று நிற்கிறது. அம்மதிலின் வரலாற்றை நம் சங்க இளைஞர் அறிதல் நலமெனக் கருதி இச்சிறு கட்டுரையை வரைகின்றோம்.

அதனை எழுப்பச் சொன்னவர் ஸ்டீபன் ஜிரார்ட். 1750-இல் பிரெஞ்சு நாட்டின் போர்தோ துறைமுகத்தில் பிறந்து, இளமையிலேயே கப்பலேறி, 1776-இல் பிலடெல்பியாவில் கரையிறங்கியவர். ஒரு கண் பார்வையற்றவர். கப்பல் வாணிகத்தாலும் பின்னர் வங்கித் தொழிலாலும் அந்நாட்டுச் செல்வருள் தலையாயவரானார். ஆயினும் துறைமுகத்தை அடுத்த தெருவிலேயே குடியிருந்தார். ஒற்றைக் குதிரை பூட்டிய எளிய வண்டியில் சென்றார். தம் பண்ணையில் தாமே இறங்கி உழைத்தார். அவரைக் கஞ்சர் என்று பழித்தோரும் உண்டு.

அப்பழிக்கு ஒரு மறுமொழி உண்டு. 1793-இல் மஞ்சள் காய்ச்சல் பரவி அந்நகரில் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். வசதி படைத்தோர் பலர் ஊரைவிட்டு ஓடினர். ஜிரார்ட் ஓடவில்லை. புஷ்ஹில் மருத்துவமனைப் பொறுப்பை ஏற்று, நோயாளிகளைத் தம் கையாலேயே பேணினார். அதே நாள்களில் அந்நகரின் கறுப்பின மக்களும் நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்தனர். இறந்தோரை அடக்கம் செய்தனர். இதனை நாம் மறத்தலாகாது. ஜிரார்ட் மறந்துவிட்டார் போலும்.

1831-இல் அவர் மறைந்தபோது பெருஞ்செல்வத்தை நகருக்கே எழுதி வைத்திருந்தார். அநாதைச் சிறுவர்க்கு உண்டியும் உடையும் உறையுளும் தந்து கற்பிக்கும் பள்ளிக்கென 20 இலட்சம் டாலர் ஒதுக்கியிருந்தார். பத்தடிக்குக் குறையாத மதில் சூழ வேண்டும் என்பதும் அவர் விதித்ததே. ஆனால் அச்சிறுவர் வெள்ளையராக இருத்தல் வேண்டும் என்றும் எழுதினார். அதே உயிலில், தம் வீட்டில் அடிமையாயிருந்த ஹன்னா என்னும் கறுப்பினப் பெண்ணுக்கு விடுதலையும் ஆண்டுக்கு 200 டாலரும் அளித்தார். ஈரமும் இருளும் ஒரே தாளில் இருந்தன.

உறவினர் தொடுத்த வழக்கு 1844-இல் தள்ளுபடியாயிற்று. 1848-இல் பள்ளி திறந்தது. நூறாண்டுக்கு மேலாக அந்த ஒரு சொல் வாயிலில் காவல் நின்றது.

1954-இல் கறுப்பினச் சிறுவர் சிலர் இடம் கேட்டு விண்ணப்பித்தனர், மறுக்கப்பட்டது. நகர அமைப்பொன்று நடத்தும் பள்ளியில் நிறம் பார்த்து விலக்குதல் கூடாதென 1957-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே என்ன செய்தனர்? நகர அறங்காவலரை நீக்கித் தனியாரை அமர்த்தினர். விலக்கு அப்படியே நீடித்தது. இத்தகைய உபாயங்கள் நமக்குப் புதியன அல்ல.

1965 மே முதல் நாளன்று, வழக்கறிஞர் செசில் மூர் தலைமையில் மக்கள் அம்மதிலைச் சுற்றி மறியல் தொடங்கினர். ஏழு மாதமும் பதினேழு நாளும் அது ஓயவில்லை. ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் அவர்களும் அங்கு வந்து பேசினார். வழக்கும் மீண்டும் எழுந்தது. 1968 செப்டம்பரில் கறுப்பினச் சிறுவர் நால்வர் முதன்முதலாக உள்ளே சென்றனர். 1984-இல் சிறுமியரும் சேர்ந்தனர். இன்று அங்குப் பயில்வோரில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகளே.

1954-இல் விண்ணப்பித்த சிறுவரோ அதற்குள் வளர்ந்து இளைஞராகியிருந்தனர். பள்ளியில் சேரும் அகவை அவர்களுக்குக் கடந்துவிட்டது.